1974-இல் எத்தியோப்பியப் பேரரசர் கவிழ்ந்தது எதனால்? ஏற்றத்தாழ்வு அதற்கு முன்பும் இருந்ததுதானே

கார்குழலி எழுதியது:

வணக்கம். முதுகலை வரலாறு இரண்டாம் ஆண்டு. முடியாட்சிகளை வீழ்த்திய புரட்சிகள் பற்றி ஆளுக்கொரு கட்டுரை எழுத வேண்டும். பிரான்சும் ரஷ்யாவும் முதலிலேயே போய்விட்டன, எனக்கு எத்தியோப்பியா வந்தது. படிக்கப் படிக்க ஆர்வமாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒரு இடத்தில் முட்டி நிற்கிறேன்.

ஹைலே செலாசி 1930-இல் முடிசூடினார், 1974 செப்டம்பரில் அரியணையிலிருந்து இறக்கப்பட்டார். நிலம் ஒருவனுக்கு, உழைப்பு இன்னொருவனுக்கு என்ற நிலை அந்த நாட்டில் அவர் பிறப்பதற்கு முன்பே இருந்திருக்கிறது. 1958-இல் வடக்கே திக்ரே மாகாணத்தில் கொடும் பஞ்சம் வந்தது, அரியணைக்கு ஒன்றும் ஆகவில்லை. 1960 டிசம்பரில் மெய்க்காவல் படையே கவிழ்க்கப் பார்த்தது, சில நாளில் அடக்கிவிட்டார்கள். அப்படியிருக்க, "வர்க்க ஏற்றத்தாழ்வால் புரட்சி வெடித்தது" என்று எழுதினால் அது விளக்கம் ஆகுமா? எப்போதும் இருந்த ஒன்று 1974-இல் மட்டும் எப்படி வெடிக்கும்? இதைப் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ராஜகோபாலன் (ஓய்வுபெற்ற ஆசிரியர்) எழுதியது:

அம்மா கார்குழலி, 1971-லிருந்து 1975 வரை நான் அந்த நாட்டில் இருந்தவன். வோலோ மாகாணத்தின் தலைநகரம் தெஸ்ஸி. அங்கே உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். அந்தக் காலத்தில் எத்தியோப்பியப் பள்ளிகளில் இந்திய ஆசிரியர்கள் நிறைய. மலையாளிகள் அதிகம், நம் ஊர்க்காரர்களும் இருந்தோம். பிள்ளைகள் "அஸ்தமாரி" என்று கூப்பிடுவார்கள், வாத்தியார் என்று அர்த்தம். ஆகவே கொஞ்சம் கண்ணால் பார்த்ததையும், கொஞ்சம் பிறகு தேடிப் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன். நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஏற்றத்தாழ்வு என்றால் அங்கே என்ன என்று பார்க்க வேண்டும். அறுப்புக் காலத்தில் மாணவன் ஒருவன் தன் ஊருக்கு அழைத்துப் போனான். கொம்போல்ச்சாவிலிருந்து நடந்து போகிற தூரம். களத்தைச் சாணி போட்டு மெழுகியிருந்தார்கள். டெஃப் என்று அங்கே ஒரு சிறுதானியம், அந்தக் கதிரைப் பரப்பி, மாடுகளைச் சுற்றிவர விட்டுப் போரடித்தார்கள். நான் கும்பகோணம் பக்கத்துக்காரன், எனக்கு அதில் எதுவும் அந்நியமாகத் தெரியவில்லை. தூற்றி முடித்ததும் அளவு ஆரம்பித்தது. குணா என்று ஒரு கூடை, அதுதான் மரக்கால். நிலக்காரர் அடிஸ் அபாபாவில் இருக்கிறார். அவருடைய ஆள் வெள்ளைப் போர்வையைப் போர்த்திக்கொண்டு ஒரு கல்மேல் உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஒரு கூடை, உழுதவனுக்கு ஒரு கூடை. பாதிவாரம். விதையும் மாடும் உழுதவனுடையவை. இரண்டு குவியலும் சமமாக நின்ற பிறகு, உழுதவன் குவியலிலிருந்து மறுபடி எடுத்தார்கள். வாங்கிய கடனுக்குக் கொஞ்சம், அஸ்ராத் என்று பத்தில் ஒன்று. அஸ்ராத் என்பது பழைய வரி, அரசாங்கம் அதை 1967-லேயே எடுத்துவிட்டது. சட்டம் அடிஸ் அபாபாவில் மாறியது, களத்தில் மாறவில்லை. அத்தனையும் முடிந்து, நிலக்காரர் பங்கைக் கழுதையில் ஏற்றிக் கிடங்கில் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் உழுதவன் வேலைதான்.

பையனுடைய அப்பா அங்கே ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ஆளுக்குக் குனிந்து வணக்கம் சொன்னார். பையனுக்கோ முகம் சிவந்துவிட்டது. நான் அதையெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்கிறேனே என்பதுதான் அவனை அதிகம் சுட்டிருக்க வேண்டும்.

உங்கள் கேள்விக்கு நான் சொல்லும் பதில் அந்தப் பையன்தான். அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் அதே களம், அதே கூடை. பேரரசர் திறந்த பள்ளிக்கூடத்தில் அந்த உழவரின் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். 1941-இல் இத்தாலியர்கள் வெளியேறிய பிறகு அவர் பள்ளிகளைக் கட்டினார், பல்கலைக்கழகம் கட்டினார், படையைப் பெருக்கினார். ஹராரில் அவர் தொடங்கிய ராணுவக் கல்லூரியை அமைத்துக் கொடுத்தவர்களே இந்திய அதிகாரிகள்தான். நவீன அரசு வேண்டும் என்று மனதார ஆசைப்பட்ட மனிதர், அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் குமாஸ்தா, ஆசிரியர், சிப்பாய், மாணவன் என்று ஒரு புதுக் கூட்டத்தை உருவாக்கிவிட்டு, அவர்களுடைய அப்பன்மார் நின்ற களத்தை அப்படியே விட்டுவைத்தார். 1955 அரசியலமைப்பைப் பாருங்கள், பேரரசர் சாலமோன் மன்னர், ஷேபா அரசி வழிவந்தவர், அவருடைய மேனி புனிதமானது என்று எழுதியிருக்கும். அதே சட்டத்தால் வந்த நாடாளுமன்றத்தில் நிலக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். குத்தகைதாரர் பாதுகாப்பு மசோதா அவர்கள் முன்னால் வருவதும் கிடப்பில் போவதுமாகவே இருந்தது. 1965-இல் பல்கலைக்கழக மாணவர்கள் "உழுபவனுக்கே நிலம்" என்று முழங்கிக்கொண்டு அந்த நாடாளுமன்றத்துக்கு ஊர்வலம் போனார்கள். முழங்கிய எல்லாரும் ஏழைப் பிள்ளைகள் அல்ல, நிலக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள்.

தெற்கே நிலைமை இன்னும் மோசம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இரண்டாம் மெனெலிக் தெற்கைப் பிடித்தபோது, போரிட்ட வீரர்களுக்குச் சம்பளமாக நிலத்தையும் அதில் குடியிருந்தவர்களையும் சேர்த்தே கொடுத்தார். தெற்கத்தி ஓரோமோ இன விவசாயிக்கு நிலக்காரர் வேறு மொழிக்காரர், பல இடங்களில் வேறு மதத்தவர். உங்கள் கட்டுரையில் வர்க்கத்தை மட்டும் தனியே பிரித்தெடுத்தால் தெற்கு விளங்காது.

அர்சி மாகாணத்தையும் விட்டுவிடாதீர்கள். 1967-இல் ஸ்வீடன் நாட்டு உதவியோடு அங்கே ஒரு வேளாண் திட்டம் வந்தது. நல்ல விதை, உரம், கடன். விளைச்சல் ஏறியது. ஏறியதும் நிலக்காரர்கள் கணக்குப் போட்டார்கள்: பாதியை ஏன் குத்தகைக்காரனுக்கு விட வேண்டும்? டிராக்டர் வாங்கினார்கள், தலைமுறை தலைமுறையாக உழுத குடும்பங்களை வெளியேற்றினார்கள். ஏழைக்காக வந்த திட்டம் ஏழையையே கிளப்பிவிட்டது. "எப்போதும் இருந்த ஏற்றத்தாழ்வு" என்கிறீர்களே, அர்சியில் அது எப்போதும் இருந்தது அல்ல, 1967-க்குப் பிறகு புதிதாக முறுக்கேறியது.

அப்புறம் பஞ்சம். 1973-இல் தெஸ்ஸி வழியாகப் போகிற நெடுஞ்சாலையில், அடிஸ் அபாபாவிலிருந்து அஸ்மரா போகிற சாலை அது, கிராமத்து ஜனங்கள் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். முதலில் ஆண்கள் வேலை தேடி வந்தார்கள். பிறகு குடும்பம் குடும்பமாக வந்தார்கள். பேருந்து வந்தால் எழுந்து கை நீட்டுவார்கள். கொஞ்ச நாளில் எழுந்திருப்பது நின்றுவிட்டது. வகுப்பில் வருகைப் பதிவேட்டில் பெயர் கூப்பிட்டால் பதில் வராத பெயர்கள் கூடிக்கொண்டே போயின. அரசாங்கம் வாய் திறக்கவில்லை. வானொலியில் ஒன்றும் கிடையாது. பல்கலைக்கழக ஆசிரியர்கள் சிலர் வோலோவுக்கு வந்து படமெடுத்துப் போய் அடிஸ் அபாபாவில் காட்டினார்கள். அக்டோபரில் பிரித்தானியத் தொலைக்காட்சியின் ஜோனத்தன் டிம்பிள்பி எடுத்த படத்தில் உலகமே பார்த்தது. பேரரசர் நவம்பரில்தான் வோலோவுக்கு வந்தார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பட்டினி கிடந்தவர்கள் எதிர்த்து எழவில்லை. சாலையோரத்தில் செத்தார்கள். எழுந்தவர்கள் சம்பளம் வாங்கியவர்கள், அடுத்த மாதம் அது போதாமல் போகும் என்று தெரிந்தவர்கள், சாலையோரம் கிடப்பது தன் சித்தப்பாவாக இருக்கலாம் என்று நினைக்கக்கூடியவர்கள். 1958-இல் அப்படிப்பட்டவர்கள் குறைவு. 1974-இல் நகரமெங்கும் இருந்தார்கள்.

மலர்விழி எழுதியது:

பொருளியல் பக்கமிருந்து ஒரு தகவல் சேர்க்கிறேன். வோலோ பஞ்சத்தை அமர்த்தியா சென் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். நாடு முழுக்கப் பார்த்தால் அந்த ஆண்டு உணவு உற்பத்தி பெரிதாக விழவில்லை. தெஸ்ஸி சந்தையில் தானிய விலைகூட வழக்கத்தைவிட அவ்வளவாக ஏறவில்லை. வோலோவிலிருந்து தானியம் வெளியே, அடிஸ் அபாபாவுக்கும் அஸ்மராவுக்கும், போய்க்கொண்டிருந்திருக்கிறது. விளைச்சல் போனதும் விவசாயியிடம் தின்னவும் இல்லை, விற்கவும் இல்லை, வாங்கக் காசும் இல்லை. வாங்க ஆளில்லாத இடத்தில் விலை எப்படி ஏறும்? அஃபார் இன மேய்ப்பர்களின் நிலையும் அதுதான். அவாஷ் ஆற்றங்கரையில் வறட்சிக் காலத்துக்கு அவர்கள் நம்பியிருந்த மேய்ச்சல் நிலம் பருத்தி, கரும்புத் தோட்டங்களுக்குப் போய்விட்டிருந்தது.

கார்குழலி, பஞ்சத்தை வானத்தின்மேல் பழிபோட்டு எழுதிவிடாதீர்கள். யாருக்கு உணவின்மேல் உரிமை இருந்தது என்பதுதான் வோலோவில் கேள்வி.

செந்தில்நாதன் எழுதியது:

ராஜகோபாலன் சார், நேரில் பார்த்தவர் நீங்கள், மரியாதையோடு ஒரு மறுப்பு. பேரரசரை இறக்கியது ராணுவம். விவசாயி அல்ல, தொழிலாளி அல்ல. 1973 அக்டோபரில் அரபு–இஸ்ரேல் போர், எண்ணெய் விலை எகிறியது, பெட்ரோல் விலையை ஏற்றினார்கள், டாக்சிக்காரர்கள் நிறுத்தினார்கள், குழப்பத்தில் ராணுவம் புகுந்தது. இது ராணுவக் கவிழ்ப்பு. இதற்கு வர்க்கம் என்று பெயர் வைப்பது பிறகு ஆட்சிக்கு வந்தவர்கள் தங்களுக்குத் தாங்களே சூட்டிக்கொண்ட அலங்காரம். அவர்கள் செய்த கொலைகளைப் பார்த்தாலே தெரியுமே.

ராஜகோபாலன் எழுதியது:

தம்பி செந்தில்நாதன், கொலைகளைப் பற்றி நீங்கள் சொன்னதில் எனக்கு மறுப்பே இல்லை, அதற்கு வருகிறேன். ஆனால் "ராணுவம்" என்று ஒரே சொல்லில் சொல்கிறீர்களே, அதை உடைத்துப் பார்க்க வேண்டும்.

1974 ஜனவரி, நெகெலே. தெற்கே, கென்யாவை நோக்கிய வறண்ட பகுதி. அங்கே ஒரு படைப்பிரிவு. சிப்பாய்களின் தண்ணீர் பம்பு கெட்டுப்போனது. அதிகாரிகளுக்குத் தனிக் கிணறு உண்டு. அதிலிருந்து சிப்பாய்களுக்குத் தண்ணீர் தர மறுத்துவிட்டார்கள். சாப்பாடும் மோசம். சிப்பாய்கள் அதிகாரிகளைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். சமாதானம் பேசப் பேரரசர் தெரெசே துபாலே என்ற தளபதியை அனுப்பினார். அவரையும் பிடித்துக்கொண்டு, தாங்கள் தின்கிற சாப்பாட்டையே தின்ன வைத்தார்கள், தாங்கள் குடிக்கிற தண்ணீரையே குடிக்க வைத்தார்கள். இத்தனைக்கும் அரண்மனை அவர்களைத் தண்டிக்கத் துணியவில்லை. அந்தச் செய்தி ஒரு முகாமிலிருந்து இன்னொரு முகாமுக்குப் பரவியது. பிப்ரவரியில் தெப்ரே செய்த் விமானப்படைத் தளம், பிறகு அஸ்மராவில் இரண்டாம் டிவிஷன்.

எண்ணெய் விலையைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. பெட்ரோல் விலை ஐம்பது சதவீதம் ஏறியது. அடிஸ் அபாபாவில் அந்த நீலமும் வெள்ளையுமான குட்டி ஃபியட் டாக்சிகள் ஓடாமல் நின்றன. அதே பிப்ரவரியில் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம். கல்விச் சீர்திருத்தம் என்று ஒரு திட்டம் வந்திருந்தது, அதன்படி பெரும்பாலான பிள்ளைகளுக்கு நாலு வருடப் படிப்போடு சரி. எங்கள் பள்ளியும் மூடிக்கிடந்தது. உள்ளூர் ஆசிரியர் ஒருவர் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கொதித்தார். "என் அப்பா உழுதார், நான் படித்தேன். என் மாணவன் நாலாம் வகுப்போடு திரும்பவும் ஏர் பிடிக்கவா?" என்று கேட்டார். அவரிடம் நான் பெட்ரோல் விலையைப் பற்றிப் பேசியிருக்க முடியுமா, சொல்லுங்கள். மார்ச்சில் தொழிற்சங்கக் கூட்டமைப்பு நாலு நாள் பொது வேலைநிறுத்தம் நடத்தியது, அந்த நாட்டு வரலாற்றில் அதுதான் முதல் பொது வேலைநிறுத்தம். தேவாலயத்துக் கீழ்நிலைக் குருமார்கள்கூடச் சம்பளம் கேட்டு எழுந்தார்கள். பாதிரிமார் சம்பளம் கேட்டு நிற்கிறார்கள் என்றால், பேரரசருக்காக இனி யார் ஜெபிப்பார்கள் என்று கடைத்தெருவில் பேச்சு.

1960-ஐ இதோடு வைத்துப் பாருங்கள். அப்போது கவிழ்க்கப் பார்த்தவர்கள் மெய்க்காவல் படைத் தளபதி மெங்கிஸ்து நெவாயும் அவர் தம்பி கெர்மாமேயும். கெர்மாமே படித்தவர். வோலைத்தாவில் ஆளுநராக இருந்தபோது நிலமில்லாதவர்களுக்கு நிலம் கொடுக்கப் பார்த்தார், உடனே அங்கிருந்து மாற்றிவிட்டார்கள். காரணம் நியாயமானதுதான். ஆனால் சாதாரண சிப்பாய்க்கு என்ன நடக்கிறதென்றே தெரியாது, மற்றப் படைகள் பேரரசர் பக்கம், தேவாலயத் தலைவரும் பேரரசர் பக்கம். அடக்கிய படைகளுக்குப் பிறகு சம்பள உயர்வு கிடைத்தது. 1974-இல் மேலிருந்து யாரும் திட்டம் போடவில்லை. கீழிருந்து முகாம் முகாமாக வந்தது. ஜூன் கடைசியில் கூடிய, பிறகு ஆட்சியைப் பிடித்த தெர்க் என்ற ராணுவக் குழுவில் ஏறத்தாழ 120 பேர், சிப்பாயிலிருந்து மேஜர்வரை. மேஜருக்கு மேல் யாரையும் சேர்க்கவில்லை, மேலே இருந்தவர்களை நம்பவில்லை. இதில் வர்க்கம் இல்லை என்று நீங்கள் எப்படிச் சொல்வீர்கள்?

அதன் பிறகு அவசரமே படவில்லை. அமைச்சர்களை, தளபதிகளை, பிரபுக்களை ஒவ்வொருவராகப் பிடித்தார்கள். அரண்மனையின் பேருந்து நிறுவனம், மதுபான ஆலை எல்லாவற்றையும் அரசுடைமை ஆக்கினார்கள். செப்டம்பர் 11, அவர்களுக்குப் புத்தாண்டு நாள். அன்று இரவு அந்தப் பஞ்சப் படத்தைத் தொலைக்காட்சியில் போட்டார்கள். இடையிடையே அரண்மனை விருந்தையும் பேரரசர் தன் நாய்களுக்கு இறைச்சி ஊட்டுவதையும் வெட்டி ஒட்டியிருந்தார்கள். தெஸ்ஸியில் தொலைக்காட்சி இல்லை, அடிஸ் அபாபாவிலிருந்து வந்தவர்கள் சொல்லித்தான் கேட்டோம். மறுநாள் காலையில் பேரரசரை ஒரு ஃபோக்ஸ்வாகன் காரின் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு போனார்கள். தெருவில் கூட்டம் "திருடன், திருடன்" என்று கத்தியதாம். கத்தியவர்களில் பலர் முந்தின ஆண்டுவரை அவர் கார் போனால் தரையில் விழுந்து வணங்கியவர்கள்.

கார்குழலி எழுதியது:

ஐயா, மிக்க நன்றி. மலர்விழி அக்காவுக்கும் நன்றி, சந்தை விலை பற்றிய செய்தி எனக்குப் புதிது. கடைசியாக ஒன்று: அந்தக் களத்தில் நின்ற குடும்பத்துக்குப் புரட்சியால் என்ன கிடைத்தது? இதை எங்கே முடிப்பது என்று தெரியவில்லை.

ராஜகோபாலன் எழுதியது:

நிலம் கிடைத்தது. 1975 மார்ச் 4. கிராமப்புற நிலம் அத்தனையும் மக்கள் உடைமை, வாரமும் குத்தகையும் ஒழிந்தன, ஒரு குடும்பத்துக்கு 10 ஹெக்டேருக்கு மேல் கிடையாது. அடிஸ் அபாபாவில் லட்சக்கணக்கில் திரண்டு கொண்டாடினார்கள். அந்தப் பையன் அதற்குள் படிப்பை நிறுத்திவிட்டு, கிராமங்களுக்கு மாணவர்களை அனுப்பிய இயக்கத்தில் தெற்கே போய்விட்டான். அவன் அப்பாவை ஒருமுறை சந்தையில் பார்த்தேன். அந்த ஆண்டு அறுப்பு முழுவதும் தன் வீட்டுக்குத்தான் போகப்போகிறது என்று சொன்னார். வேறெதுவும் சொல்லவில்லை, ஆனால் கையை விடவே மனமில்லாமல் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தச் சட்டத்தை இறக்கிப் பேசுகிறவர்களோடு இன்றைக்கும் நான் சண்டைக்குப் போவேன்.

அதே கைகள்தான் 1974 நவம்பர் 23 இரவு விசாரணையே இல்லாமல் சுமார் 60 பேரைச் சுட்டன. முன்னாள் பிரதமர்கள் அக்லிலு ஹப்தே வோல்தும் எந்தால்கச்சோ மெக்கொன்னனும் அதில் அடக்கம். 1975 ஆகஸ்டில் பேரரசர் காவலில் இறந்தார். 1977, 78-இல் செம்பயங்கரம் என்று பெயர் வைத்துத் தெருவில் இளைஞர்களைக் கொன்று போட்டார்கள். "உழுபவனுக்கே நிலம்" என்று முதலில் முழங்கிய அந்த மாணவர் தலைமுறைதான் அதில் அதிகம் போனது. அந்த நேரத்தில் நான் ஊர் திரும்பிவிட்டேன். பையனிடமிருந்து கடிதம் வந்துகொண்டிருந்தது, பிறகு வரவில்லை.

விவசாயிக்கு நிலக்காரர் போனார், கொள்முதல் வந்தது. அரசாங்கக் கழகம் குறைந்த விலைக்கு இவ்வளவு தானியம் கொடுத்தே ஆக வேண்டும் என்று அளவு போட்டது. 1984-இல் அதே வோலோவில் மறுபடி பஞ்சம். புரட்சியின் பத்தாம் ஆண்டு விழாவை அடிஸ் அபாபாவில் பெரிய செலவில் நடத்திக்கொண்டு, இந்த அரசும் அதை மறைத்தது.

எங்கே முடிப்பது என்று கேட்டீர்கள். 1974-இல் முடிக்காதீர்கள், 1975 நிலச் சட்டம்வரை வாருங்கள். நேரம் இருந்தால் அர்சியையும் வோலோவையும் தனித்தனியே எழுதுங்கள். ஒன்றில் விளைச்சல் ஏறி ஜனங்கள் வெளியேறினார்கள், இன்னொன்றில் விளைச்சல் விழுந்து வெளியேறினார்கள். இரண்டிலும் நிலக்காரர் கிடங்கு நிறைந்தே இருந்தது. எழுதி முடித்ததும் இங்கே போடுங்கள், கட்டாயம் படிப்பேன். கொம்போல்ச்சா, கோபோ, வோல்தியா என்று ஊர்ப்பெயர்களில் சந்தேகம் வந்தால் தயங்காமல் கேளுங்கள்.